மகளுக்குக் கட்டிய வீடு

(காரைக்காலில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நம்ம ஊர்ல பிரெஞ்சுக்காரன் கட்டின வீடு இன்னும் எத்தனை இருக்கு? அதைப் பத்தித்தானே பேசப் போறீங்க?" என்றார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் கூட்டத்துக்கு வேலையில்லாமல் போயிருக்கும். அதனால் இங்கே சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கட்டியவை ஆட்சியாளர் தங்கும் மாளிகை, சில அலுவலகங்கள், ஒரு சிறைச்சாலை, இப்படி விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். நாம் "பிரெஞ்சு வீடு" என்று சுட்டிக்காட்டுகிற வீடுகளைக் கட்டியவர்கள் நம்மூர்க்காரர்கள். மரைக்காயர்கள், செட்டியார்கள், பிள்ளைமார்கள், கிறிஸ்தவக் குடும்பத்தார்கள், சைகோனுக்குப் போய் வந்த குமாஸ்தாக்கள், பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களாக இருந்தவர்கள். கொத்தனார் நம்மூர்க்காரர், சித்தாளும் நம்மூர்க்காரர். பாண்டிச்சேரியில் வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் ஒரு பெரிய வாய்க்கால் பிரிக்கிறது. இங்கே அப்படி ஒரு வாய்க்கால் இல்லை. பிரிக்கும் அளவுக்கு இங்கே வெள்ளைக்காரர்கள் குடியிருந்ததும் இல்லை.

ஆகவே, இந்த வீடுகளைக் கட்டியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு கேள்வி. இவை யாருக்காகக் கட்டப்பட்டன? நான் கட்டடக் கலை படித்தவனல்ல, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்த அளவில் கேளுங்கள்.

காரைக்காலில் ஒரு குடியிருப்பு வீட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி எங்கே இருக்கிறது தெரியுமா? நிலப் பத்திரத்தில் இல்லை, பிரெஞ்சுக் கும்பெனியின் கடிதத்திலும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் கதை இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மாங்கனி தெரியும், பேயுரு தெரியும். அதற்கு முன்னால் வரும் ஒரு சின்னச் செய்தியை மட்டும் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். பின்னாளில் அம்மையாரான புனிதவதியின் தந்தை தனதத்தன் காரைக்கால் வணிகர். மாப்பிள்ளை பரமதத்தன் நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன். ஊர் வழக்கப்படி பெண் நாகப்பட்டினத்துக்குப் போயிருக்க வேண்டும். தனதத்தனுக்கு ஒரே மகள். அனுப்ப மனமில்லை. காரைக்காலிலேயே ஒரு மனையை அமைத்து, மகளையும் மருமகனையும் குடிவைத்து, வாணிபம் செய்ய முதலும் கொடுக்கிறார். அந்த வீட்டுக்குத்தான் மாம்பழம் வந்தது, அந்த வீட்டிலிருந்துதான் பரமதத்தன் கப்பலேறினான், போனவன் பிறகு திரும்பவேயில்லை.

கவனித்துப் பாருங்கள். தகப்பன் மகளுக்குக் கட்டிய வீடு. புருஷன் கடலுக்குப் போகிறான். வீட்டில் இருப்பவள் பெண். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்தக் கதையை ஒரு தெருவின் கதையாகப் படித்தால், அதற்குப் பிறகு எண்ணூறு வருடமாக இந்த ஊரில் நடந்தது அத்தனையும் அதில் இருக்கிறது.

ஆட்சி மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இங்கே வேறு அறிஞர்கள் இருக்கிறார்கள். 1738இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜிக்குப் பணத் தேவை, பாண்டிச்சேரி கவர்னர் துய்மாவுக்குத் துறைமுகத் தேவை. காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சில கிராமங்களையும் தருவதாகப் பேச்சு. மன்னர் பின்வாங்கினார். ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் உதவியோடு 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். தஞ்சை மன்னர் பிரதாப சிங் காலத்தில், 1750இல் செய்த உடன்படிக்கையில் சுற்றியுள்ள 81 கிராமங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1760இல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள். பிறகு கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். இப்படிப் பந்தாடி முடிந்து 1817இல்தான் ஊர் நிலையாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது.

இந்த 1817இல் கொஞ்சம் நிற்போம். நம் தெருக்களின் வரலாறு அங்கேதான் திரும்புகிறது. நெப்போலியன் தோற்ற பிறகு, 1814இல் பாரிசில் போட்ட உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்தியாவில் திருப்பித் தரப்படும் ஊர்களில் பிரான்சு கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1620இல் கட்டிய டென்மார்க்காரர் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. ஊரே அந்தக் கோட்டையை ஒட்டி வளர்ந்த ஊர். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், பிறகு டச்சுக்காரர். இந்தக் கடற்கரையில் முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை கொடிகள் பறந்திருக்கின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காரைக்கால் கோட்டையில்லாத ஊர், படையில்லாத ஊர். அரசு என்று இங்கே இருந்தது ஒரு நிர்வாகி, ஒரு நீதிமன்றம், பத்திரங்களைப் பதியும் ஒரு நொத்தேர், 1880க்குப் பிறகு மேரி என்று நாம் சொல்லும் நகராட்சி. கொம்யூன் என்ற சொல் இன்றும் நம் பஞ்சாயத்துப் பலகைகளில் இருப்பது அந்த 1880இன் மிச்சம். ஆக, ஊரின் முகம் என்று சொல்ல ஒரு கோட்டை இல்லாததால், வீடுகளே ஊரின் முகமாயின.

அந்த வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிரான்சிலிருந்து என்று நினைக்கிறோம். காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் நேர் வாணிபம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. நம் துறைமுகத்திலிருந்து போனது அரிசி. காவிரிப் படுகையின் அரிசி, பெரும்பாலும் இலங்கைக்கு, கொஞ்சம் பினாங்கு, சிங்கப்பூர் பக்கம். இது ஒரு வழி. இரண்டாவது வழி கப்பலில் ஆளேற்றியது. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. 1861இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான கூலிகள் ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். குவாதலூப்பில் இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. போனவர்கள் பலர் திரும்பவில்லை. அவர்களை ஏற்றி அனுப்பித் தரகு பார்த்தவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். ஒரு அழகான மாடியை அண்ணாந்து பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி சைகோன். 1860களில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே காலூன்றியதும், அவர்களுடைய பாஷை தெரிந்த, அவர்களுடைய தாளில் எழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். நம்மவர்கள் குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராகப் போனார்கள். மரைக்காயர்கள் துணிக்கடை வைத்தார்கள். சைகோன் நகர நடுவில் 1935இல் எழும்பிய பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. இந்தத் தெருக்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை "சபுராளி" என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. பயணம் போனவர், அதாவது சபர் போனவர். ஆண்கள் சபரில், பெண்கள் வீட்டில். புனிதவதி வீட்டுக் கதைதான், மதம் மட்டும் வேறு.

இனி வீட்டுக்குள் போவோம். தோமாஸ் அருள் வீதியோ, மாமாத்தம்பி மரைக்காயர் வீதியோ, லெமேர் வீதியோ, பழைய வீடு ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். கீழே திண்ணை. அதன் மேல் மரத்தூண் தாங்கும் சார்ப்பு. அது தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பார்க்கிற வீடுதான். கண்ணை மேலே உயர்த்துங்கள். மாடியில் வளைவு வைத்த ஜன்னல், சுவரோடு ஒட்டிப் பாதி வெளியே தெரியும் தூண்கள், சுண்ணாம்புப் பூவேலை, பொம்மைத்தூண் வரிசை வைத்த கைப்பிடிச் சுவர். அது கடல் தாண்டி வந்தது. கீழ்த்தளம் காவிரி, மேல்தளம் கடல். பாண்டிச்சேரியில் தமிழர் பகுதியிலும் இதே சேர்க்கை உண்டு. நிபுணர்கள் அதற்கு இரட்டைப் பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் அவ்வளவு உடன்பாடில்லை. ஏனென்றால் வெளியில்தான் இரண்டு, உள்ளே நுழைந்தால் ஒன்றேதான்.

நிலைவாசல், ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அடுப்பங்கரை, கிணறு, கொல்லை. தெருக்கதவில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு நேர்கோட்டில் தெரியும். சாத்திரம் என்று சொல்வார்கள். எனக்குக் காற்று என்று தோன்றுகிறது. பிற்பகலில் கடல்காற்று எழும்போது இந்த நேர்கோடுதான் வீட்டின் மூக்கு. முற்றத்தில் சூடான காற்று மேலே போகும், வாசல் வழியாகக் குளிர்ந்தது உள்ளே வரும். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் என் பாட்டி தாழ்வாரத்தில் தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் இப்போது என் பேரன் குளிர்சாதனத்துக்குக் கீழே புரண்டுகொண்டிருக்கிறான்.

இந்த ஊரில் கல் கிடையாது. வண்டல்மண் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? வயல்மண்ணைச் சூளை வைத்து மெல்லிய நாட்டுச் செங்கல் செய்தார்கள். சுண்ணாம்பு மலையிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது, கிளிஞ்சலைச் சுட்டு. நம் மீனவ ஊர்களில் ஒன்றுக்குக் கிளிஞ்சல்மேடு என்று பெயரே இருக்கிறதே! ஆற்று மணலும் சுண்ணாம்பும் சேர்த்து நாள்கணக்கில் ஊறவைத்து, செக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் விட்டுக் கட்டினார்கள். மெத்தை போடுவது தனிக் கலை. தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் பிடித்து ஒட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் பல நாள் தட்டுவார்கள். தட்டத் தட்ட ஈரம் மேலே வரும், தளம் இறுகும். கடைசியில் தட்டோடு. இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர், கம்பியும் சிமெண்டும் வருவதற்கு முந்திய தளம். தேக்கு பர்மாவிலிருந்து கடல்வழி வந்தது. கூரைக்கு முதலில் நாட்டு ஓடு, குயவர் சக்கரத்தில் செய்தது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சீமை ஓடு மெல்ல மெல்ல எல்லா ஊர்க் கூரையிலும் ஏறியது. 1898இல் பேரளத்திலிருந்து ரயில் வந்ததும் இந்தச் சாமான்களெல்லாம் இன்னும் சுலபமாயின.

இந்த வீட்டில் தெருவைப் பார்க்கிற பகுதிகள் இரண்டு. கீழே திண்ணை, மேலே மாடி. திண்ணை ஆண்களுக்கு, வழிப்போக்கர்களுக்கு, கணக்குப் பார்க்க, வம்பு பேச. மாடி பெண்களுக்கு. ஜில்மில் வைத்த ஜன்னல்களைப் பாருங்கள், சாய்ந்த மரப்பட்டிகள் வரிசையாக இருக்கும். உள்ளிருப்பவர்களுக்குத் தெரு தெரியும், தெருவிலிருப்பவனுக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மரைக்காயர் வீடுகளில் இது இன்னும் நுட்பமாக இருக்கும். விருந்தாளி ஆண்கள் முன்கூடத்தோடு சரி. அதற்கு அப்பால் வீடு பெண்களுடைய ராஜ்யம்.

அது வெறும் பேச்சுக்கு ராஜ்யம் அல்ல. இந்தக் கடற்கரை மரைக்காயர் ஊர்களில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். காயல்பட்டினத்தில் இந்த வழக்கம் இன்றும் உறுதியாக இருக்கிறது. அங்கே பெண்கள் மட்டும் நடக்க வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று சந்துகளே உண்டு. சட்டப்படி பங்கு பிரித்தால் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆனால் வீட்டைக் கல்யாணத்திலேயே மகள் பெயரில் எழுதிவிட்டால் அது பங்குக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒரு லாத்தா, எண்பது வயதைத் தாண்டியவர், சொன்னார்: "எங்க வாப்பாவுக்கு மூணு பொண்ணு. வடக்கே ஒரு வீடு, தெக்கே ஒரு வீடு கட்டுனாங்க. நடுவுல எங்க உம்மா வீடு. கொல்லையில கதவு வச்சாங்க. தெருவுல கால் வைக்காம மூணு வீட்டுலயும் நான் கறி ருசி பாப்பேன்." நகரமைப்பு நிபுணர்கள் பக்கம்பக்கமாக எழுதுவதை அந்த அம்மா நாலு வரியில் சொல்லிவிட்டார். இந்தத் தெரு நீளமானது மகள்கள் பிறந்ததால்.

கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1819இல் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியர்களை அவரவர் வழக்கப்படிதான் நியாயம் விசாரிப்போம் என்று அறிவித்திருந்தது. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, விரும்புகிறவர்கள் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. அப்படி வந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். ஏன் துறந்தார்கள் என்பதற்குப் பல காரணம் உண்டு: சைகோனில் நல்ல உத்தியோகம், சாதிப் பெயரை உதறும் ஆசை, வாக்குரிமை. ஆனால் அதன் பின்விளைவு ஒன்று வீட்டுக்குள் வந்தது. அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மாதா கோயில் வீதிப் பக்கம் பழைய பத்திரங்களைப் பார்த்தால் பெண்களின் பெயர்கள் ஆண்களின் பெயர்களோடு வரிசையாக நிற்கும். பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லாவின் இந்துக் குடும்பங்களில் அன்றைக்கு இது நினைத்துப் பார்க்க முடியாதது.

இந்துக் குடும்பங்களில் எழுத்தில் அப்படி இல்லை என்றாலும், நடப்பில் பெண்ணோடு வீட்டை வைத்த குடும்பங்கள் பல. அம்மையார் பிறந்த ஊரில் மகளை வெளியூர் அனுப்பக் கொஞ்சம் தயங்குவார்கள் என்று என் பாட்டி சொல்வார். அதை வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாங்கனித் திருவிழாவன்று நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆனிப் பௌர்ணமியில் சிவபெருமான் பிச்சாண்டவராகப் பவழக்கால் சப்பரத்தில் பாரதியார் வீதி வழியாக வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே கூட்டம் கைநீட்டிப் பிடிக்கிறது. இறைக்கிற கைகளில் வளையல் போட்ட கைகள்தான் அதிகம். அன்று பிச்சை போட்டவள் புனிதவதி என்ற ஒரு பெண், வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வேலையைச் செய்கிறார்கள். இறைப்பதற்கு மாடி வேண்டும், சாய்ந்து நிற்க ஒரு கைப்பிடிச் சுவர் வேண்டும். பாரிசில் அந்தக் கைப்பிடிச் சுவரை எதற்காகக் கட்டினார்களோ எனக்குத் தெரியாது, இங்கே அது மாம்பழம் எறிய!

இப்போது வருத்தமான பகுதிக்கு வருகிறேன்.

1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படி இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதக் கெடு. விரும்பியவர்கள் வைத்துக்கொண்டார்கள். சைகோன் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தி 1975இல் முழுக்க மூடியது. அதன் பிறகு பிள்ளைகள் போனது பாரிசுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும். பழைய சபர் வேறு மாதிரி. ஆண் போவான், பெண் இருப்பாள், வீட்டில் விளக்கு எரியும். புதிய சபரில் குடும்பமே போகிறது. பூட்டுதான் இருக்கிறது.

அந்தப் பூட்டைத் திறக்கவும் முடியாது. ஏன்? சமபங்குச் சட்டத்தின் மூன்றாம் தலைமுறை. ஒரு வீட்டுக்கு ஐந்து வாரிசு, இருவர் பாரிசில், ஒருவர் ரீயூனியனில், ஒருவர் சென்னையில், ஒருவர் காலமாகி அவருக்கு நான்கு பிள்ளைகள். விற்கவும் எல்லோர் கையெழுத்தும் வேண்டும், ஓடு மாற்றவும் எல்லோர் சம்மதமும் வேண்டும். பெண்ணைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம் வீட்டை அநாதையாக்கிவிட்டது. சட்டத்தின் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. சம பங்கு வேண்டும், ஆயிரம் தரம் வேண்டும். பங்காளிகள் பேசிக்கொள்வதில்லையே, அதைத்தான் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ஓடு நழுவினால் போதும். தண்ணீர் உத்திரத்தின் தலைப்பில் இறங்கும், கரையான் வரும், ஐந்து மழையில் மெத்தை உட்கார்ந்துவிடும். பிறகு "ஆபத்தான கட்டடம்" என்று ஒரு நோட்டீஸ், ஒரு பொக்லைன், மறுவாரம் வண்டி நிறுத்துமிடம்.

குடியிருக்கும் நாமும் வீட்டைக் கொல்கிறோம், தெரியாமல். சுவரில் உப்பு பூக்கிறது என்று சிமெண்டுப் பூச்சு பூசுகிறோம். கடற்கரை ஊரில் தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் அதை வெளியே மூச்சாக விட்டுவிடும். சிமெண்டு மூச்சை அடைக்கும். ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை மாவாக்கும். இரண்டு வருடத்தில் பூச்சு பாளம்பாளமாக விழும்போது, பழைய சுவர் சரியில்லை என்று அதையே திட்டுகிறோம்.

திண்ணை விஷயத்தில் நான் ஒரு குற்றவாளி. 1989இல் எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்தவன் நான்தான். ஸ்கூட்டர் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே நாள் வேலை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியவர் வழக்கம்போல வந்து, உட்கார இடமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அவர் மகன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டும்தான். ஸ்கூட்டரையும் எப்போதோ விற்றுவிட்டேன்.

"அரசாங்கம் ஏதாவது செய்யட்டும்" என்று சொல்வீர்கள். செய்யலாம், செய்திருக்கிறார்கள், பக்கத்திலேயே. பாண்டிச்சேரியில் வைசியாள் வீதி இருக்கிறது. 2002க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, நகராட்சியும் பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து அந்தத் தெருவின் முகப்புகளை, இடிந்துபோயிருந்த தாழ்வாரங்களை, திண்ணைகளைத் திரும்ப எழுப்பினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. நம் வடக்கே தரங்கம்பாடியில், சுனாமிக்குப் பிறகு பொற்கொல்லர் தெருவில் ஓட்டு வீடுகளை வரிசையாகப் பழுது பார்த்தார்கள். அவை பெரிய மாளிகைகள் அல்ல, எளிய ஜனங்களின் வீடுகள். அதுதான் எனக்குப் பிடித்தது. பாண்டிச்சேரியின் மேரி கட்டடம், கடற்கரைச் சாலையில் நின்ற அழகான கட்டடம், பழுது பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் அப்படியே இடிந்து விழுந்தது. பழைய சாயலில் புதிதாகக் கட்டித் திறந்திருக்கிறார்கள், நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் இடிந்து விழுந்த பிறகு கட்டியதுதான்.

நம்மூரில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் நூற்றுக்கணக்கில் கான்கிரீட் வீடுகள் எழும்பின. அவை தேவை, உயிர் காத்த வீடுகள். அவற்றைக் குறை சொல்லும் வாய் எனக்கில்லை. ஆனாலும் அங்கே போய்ப் பாருங்கள். வரிசையாக ஒரே அச்சில் வார்த்த அந்த வீடுகளின் முன்னால், பத்து வருடத்துக்குள் ஜனங்களே சிமெண்டுத் திண்ணை கட்டிக்கொண்டார்கள். கீற்றில் சார்ப்பு இறக்கிக்கொண்டார்கள். எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் போட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வலை பின்னவும் மீன் கணக்குப் பேசவும் உட்கார இடம் வேண்டியிருந்தது, கட்டினார்கள். நான் இடித்ததை அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. நான் கனவு காண்பவனல்ல. நான் கேட்பது மூன்று காரியம்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பங்காளியாக இங்கே யாராவது இருந்தால், இன்று இரவே பாரிசுக்கு ஒரு போன் போடுங்கள். விற்பனையைப் பற்றிப் பேச வேண்டாம், ஓடு மாற்றுவதைப் பற்றி மட்டும் பேசுங்கள். வீட்டில் கொத்து வேலை வைப்பவர்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார் ஒருவரை ஒரு நாளாவது கூப்பிட்டுச் சுவரைக் காட்டுங்கள். அவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கூலி அதிகம் கேட்பார்கள், கொடுங்கள். அடுத்தது மாணவர்களுக்கு. உங்கள் பாட்டிமார் வீட்டுக்குப் போய் ஒரு கயிறும் ஒரு நோட்டும் வைத்து, திண்ணை எத்தனை அடி, முற்றம் எத்தனை அடி, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், வீடு யார் பெயரில் இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார் என்று எழுதி வாருங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நூறு வீடு எழுதினால் போதும், இந்த ஊரின் வரலாற்றில் பாதி வந்துவிடும்.

வாசலில் கேட்ட தம்பி இன்னும் இருக்கிறாரா? இருக்கிறார், பின்வரிசையில். தம்பி, வருகிற ஆனியில் சப்பரம் வரும்போது மாம்பழத்துக்குக் கை நீட்டாமல் ஒரு தடவை பாரதியார் வீதி நெடுக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து வாருங்கள். பழைய கைப்பிடிச் சுவர் எத்தனை வீட்டில் மிச்சமிருக்கிறது என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். நான் போன வருடம் எண்ணியது என் பையில் இருக்கிறது. ஒத்துப்பார்க்க வேண்டும்.